மூன்றாவது மாடி, ஒரே படிக்கட்டு, எல்லா ஜன்னலிலும் கிரில்: தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது?

மூணாம்மாடி_வேளச்சேரி கேட்டது:

தூண்தளத்துக்கு மேல் மூன்று மாடி உள்ள ஃபிளாட். எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஒரே படிக்கட்டு, ஒரு லிஃப்ட். வீட்டில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், 11 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 74 வயது அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி, வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது.

பால்கனி உட்பட எல்லாத் திறப்பிலும் இரும்பு கிரில் வெல்டிங் செய்யப்பட்டிருக்கிறது. வாசலில் மரக்கதவு, அதற்கு வெளியே இரும்பு கேட். ராத்திரி கேட்டுக்கு உள்பக்கமாகப் பூட்டுப் போட்டு சாவியை பீரோவில் வைக்கிறோம். கீழே ஈபி மீட்டர் போர்டு படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது, அதை ஒட்டி ஏழெட்டு பைக் நிற்கும். அதில் ஒன்று மின் ஸ்கூட்டர், அங்கேயேதான் சார்ஜ் போடுகிறார்கள்.

கிரில்லை என்ன செய்வது? எந்த அலாரம், எந்த அணைப்பான் வாங்குவது? அம்மாவை எப்படி இறக்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரெண்டுவழி பதில்:

கிரில், அலாரம் எல்லாம் அப்புறம். முதலில் அந்த பீரோ சாவி. இன்றைக்கே மாற்ற முடிந்தது அதுதான், செலவும் இல்லை.

வீட்டுத் தீயில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பு இல்லை, புகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்காமலே மயங்கிவிடுவார். ஃபோம் மெத்தை, சோபா, திரைச்சீலை எரிகிற ஹாலில் நின்று யோசிக்க இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. அந்த நேரத்தில் கரண்டும் போயிருக்கும். இருட்டில் பீரோவைத் திறந்து, கொத்தில் சரியான சாவியைத் தேடி எடுத்து, பூட்டின் துவாரத்தைத் தடவிக் கண்டுபிடிக்க முடியுமா என்று விளக்கை அணைத்துவிட்டு ஒரு தடவை செய்து பாருங்கள்.

கேட்டுக்குத் தொங்கு பூட்டு வேண்டாம். வெளியே சாவி, உள்ளே கையால் திருகித் திறக்கிற குமிழ் வைத்த பூட்டு கிடைக்கிறது, அதை வெல்டரிடம் சொல்லிப் பொருத்துங்கள். கேட்டின் கம்பி இடைவெளி வழியாக வெளியாள் கை நுழைத்துக் குமிழைத் திருகாமலிருக்க, பூட்டைச் சுற்றி ஒரு அடிக்கு ஒரு அடி தகடு அடிக்க வேண்டும். அதுவரைக்கும் சாவியை வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரில், ஆறு வயதுப் பிள்ளைக்கும் எட்டுகிற மூன்றடி உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள். அந்த வளையத்தில் வேறு சாவி எதுவும் இருக்கக் கூடாது. டிஜிட்டல் பூட்டு போட்டிருந்தால், பேட்டரி இல்லாமல் உள்ளிருந்து கையால் திறக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

கிரில் விஷயம். மூன்றாவது மாடியிலிருந்து யாரும் குதிக்கப் போவதில்லை. கிரில்லில் திறப்பு வைப்பது, தீயணைப்பு ஏணி வந்தால் ஆளை வெளியே எடுக்க. அதனால் ரோட்டைப் பார்த்த ஜன்னலிலோ பால்கனியிலோ வையுங்கள். பக்கத்து வீட்டுச் சந்துப் பக்கம் வைத்தால் வண்டி உள்ளே வராது. திறப்பு குறைந்தது இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம். இருக்கிற கம்பியை அந்த அளவுக்கு வெட்டி, தனிச் சட்டம் கட்டி, கனமான கீல் போட்டு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி செய்ய வேண்டும். கீலை ஸ்க்ரூவில் நிறுத்தாமல் வெல்டு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திருடனுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

இதில் வழக்கமாக நடக்கிற தப்புகள்: ஜன்னல் நகர்த்துகிற மாதிரி இருந்தால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், வெல்டர் மற்ற பாதிக்கு நேராக கிரில் கதவை வைத்துவிட்டுப் போய்விடுவார். அளவெடுக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தே எடுங்கள். அடுத்தது பெயின்ட். கீலிலும் தாழ்ப்பாளிலும் பெயின்ட் இறங்கி, ஒரு மழைக்காலம் போனால் துரு ஏறி இறுகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து மூடி எண்ணெய் விடவும். கொசுவலைச் சட்டத்தை ஸ்க்ரூ போட்டு அடைக்காமல், இழுத்தால் வந்துவிடுகிற வெல்க்ரோ வகையாக மாற்றவும். கிரில் கதவுக்குப் பூட்டு வேண்டுமென்றால் சாவி அதே அறையில், வெளியிலிருந்து நீட்டும் கைக்கு எட்டாத தூரத்தில் தொங்கட்டும். சிறு பிள்ளை இருப்பதால் பூட்டு அவசியம்தான்.

---

அடுப்பங்கரை பதில்:

காஸ் பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன்.

சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவி மூலையில் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும். ராத்திரியோ விடியற்காலையிலோ வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, போட்டிருப்பதை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் காஸ் போய்விடும் என்று நினைத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ரெகுலேட்டரை மூடி, கழற்றி, சிலிண்டரில் கயிற்றோடு தொங்கும் பாதுகாப்பு மூடியை அழுத்திப் போட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிப் போங்கள். ஃப்ரிட்ஜ் தானாக ஆன் ஆவதும் பொறிதான், அதனால் வீட்டுக்குள் நின்று கசிவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். போனையும் வெளியே வந்து எடுங்கள்: காஸ் கசிவுக்கு 1906, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

ரெகுலேட்டர் பக்கத்தில் தீ எரிந்தால், கை வைக்க முடிகிற அளவாக இருந்தால் மட்டும், கனமான பருத்தித் துணியோ சாக்கோ நனைத்து மேலே போர்த்தி, துணிக்கு மேலேயே ரெகுலேட்டரைத் திருகி மூடலாம். மூட முடியாது என்று தெரிந்தால் அந்தத் தீயை அணைக்காதீர்கள். அணைந்த பிறகு வருவது எரியாத காஸ், அது வீடு முழுக்க நிரம்பி வேறெங்காவது பற்றும். கிளம்பிவிடுங்கள்.

சிலிண்டர் வந்ததும் வால்வுக்குள் இருக்கிற ரப்பர் வாஷரைப் பாருங்கள், வெடித்திருந்தாலும் இல்லாமலிருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். சோப்பு நுரை வைத்துப் பார்த்த பிறகே டெலிவரி ஆளை அனுப்புங்கள். கைப்பிடித் தண்டின் உள்பக்கம் எழுத்தும் வருடமும் இருக்கும்: ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். அந்த மாதம் தாண்டியிருந்தால் மறு சோதனைக் கெடு முடிந்த சிலிண்டர், வாங்காதீர்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒட்டுப் போடக் கூடாது. மேடைக்கு அடியில் கதவு போட்ட அலமாரியில் சிலிண்டர் வைத்திருந்தால் அந்தக் கதவின் கீழ்ப் பகுதியில் காற்றோட்டத் துளை கட்டாயம். மேலே மட்டும் துளை போட்டுப் பிரயோஜனம் இல்லை, காஸ் அங்கே ஏறாது. கசிவு காட்டுகிற கருவி வாங்கினாலும் தரையிலிருந்து ஒரு அடிக்குள் மாட்டுங்கள்.

வாணலி எண்ணெய் பற்றினால் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி நொடியில் ஆவியாகி 1,700 மடங்கு விரியும், எரிகிற எண்ணெயைக் கூரை வரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, மூடியை உங்கள் பக்கத்திலிருந்து தள்ளி மூடுங்கள். அரை மணி நேரம் திறக்காதீர்கள். சூடு குறையாமல் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றும். வாணலியைத் தூக்கிக்கொண்டு சிங்க்குக்கு ஓடுவதும் கூடாது.

---

ஒயரிங்_மேஸ்திரி பதில்:

எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச்) இருக்கே, ஷார்ட் ஆனால் விழுந்துவிடுமே என்று எல்லாரும் சொல்வார்கள். எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், லூஸ் கனெக்‌ஷனைக் காப்பாற்றாது. பிளக்கில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் ஓடுகிற கரண்ட் அதேதான், கூடாது. அதனால் எம்சிபிக்கு எதுவும் தெரியாது. அந்த ஒரு புள்ளி மட்டும் சூடேறிப் பிளாஸ்டிக் உருகும். ஏசியும் கீசரும் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியவில்லை, பழுப்பு ஏறியிருக்கிறது, காரணமில்லாமல் மீன் வாடை வருகிறது என்றால் அன்றைக்கே சுவிட்சை அணைத்து ஆளைக் கூப்பிடுங்கள்.

2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், பெரிய பிளக்கைச் சிறியதாக்கும் கன்வர்ட்டர் போட்டுச் செருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 போடுவது அதைவிட மோசம். உள்ளே 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர்தான் ஓடுகிறது, இனி எம்சிபி விழுவதற்கு முன்னால் ஒயர் எரியும்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின் கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லையென்றால் போடுங்கள். இருந்தால் மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழாவிட்டால் அது சும்மா இருக்கிற டப்பா.

இன்னொன்று, நம்ம ஊர் வீடுகளில் பலர் மறப்பது இன்வெர்ட்டர். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். மெயினை அணைத்தாச்சு என்று நம்பி பக்கெட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இன்வெர்ட்டர் சுவிட்ச் எங்கே என்று பெரிய பிள்ளைக்கும் காட்டிவையுங்கள்.

அந்த மின் ஸ்கூட்டரை முதலில் அங்கிருந்து கிளப்புங்கள். மீட்டர் போர்டுக்குக் கீழே, இருக்கிற ஒரே படிக்கட்டின் அடியில் லித்தியம் பேட்டரி சார்ஜ் ஆவதைவிட மோசமான இடம் அந்தக் கட்டடத்தில் கிடையாது. செல் ஒன்று சூடேறத் தொடங்கினால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். அணைப்பான் பவுடர் அடித்தால் சுடர் அடங்கும், சூடு அடங்காது, மறுபடி பற்றும். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

---

மூணாம்மாடி_வேளச்சேரி:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். புகை வந்தால் மொட்டை மாடிக்குப் போகலாமா? எங்களுக்கு அடுத்தது மாடிதான். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினால் தாக்குப்பிடிக்குமா? அலாரம் எது வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

---

ரெண்டுவழி பதில்:

ஈரத் துண்டு கரியைத் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. துண்டை நம்பிப் புகைக்குள் இறங்காதீர்கள்.

மொட்டை மாடி: தீ எங்கே என்பதைப் பொறுத்தது. உங்கள் வீட்டிலேயே தீ என்றால் கீழே இறங்குங்கள், வெளியேறும்போது வாசற்கதவை இழுத்து மூடிவிட்டு வாருங்கள். பூட்ட வேண்டாம், மூடினால் போதும். அந்த ஒரு செயல்தான் படிக்கட்டில் புகை ஏறாமல் மற்றவர்களைக் காப்பாற்றும். கீழே மீட்டர் போர்டில் தீ என்றால் படிக்கட்டு புகைபோக்கி ஆகிவிடும், புகை நேராக மேலேதான் ஏறும், உங்கள் தளமும் மாடிக் கதவும்தான் முதலில் நிரம்பும். மாடிக் கதவு பூட்டியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். கதவு எப்போதும் தாழ்ப்பாள் மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்து, படிக்கட்டில் இன்னும் புகை வராமல் இருந்தால்தான் மேலே போகலாம். லிஃப்ட் எந்தச் சூழலிலும் வேண்டாம், கரண்ட் போனால் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும்.

வாசற்கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் கதவின் மேல்பகுதியைத் தொடுங்கள். சூடாக இருந்தாலோ, இடுக்கில் புகை வந்தாலோ திறக்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான் அப்போது பாதுகாப்பு. ரோட்டுப் பக்க அறைக்கு எல்லோரும் போய், இடையில் இருக்கிற கதவுகளை எல்லாம் மூடி, நனைத்த துண்டு, புடவை, எது இருக்கிறதோ அதைக் கதவின் அடியிலும் பக்க இடுக்கிலும் திணியுங்கள். ஏசியின் ஒயர்த் துளை, எக்ஸாஸ்ட் துளை இருந்தால் அதையும். வெளிக்காற்று சுத்தமாக இருந்தால் மட்டும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, டார்ச் அல்லது வெளிர்நிறத் துணியை ஆட்டுங்கள். பாத்ரூமுக்குள் போய் ஒளியக் கூடாது. தண்ணீர் இருக்கிறது என்றுதான் போகத் தோன்றும், ஆனால் வெளியாள் எட்டுகிற ஜன்னல் அங்கே இருக்காது. பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள், கட்டிலுக்கு அடியிலும் போகக் கூடாது என்றும் சேர்த்து.

அலாரம்: ஃபோட்டோ எலக்ட்ரிக் (ஒளியை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கிற) வகை, தனியாக இயங்குவது, உள்ளேயே சைரன் உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் மலிவாக வருவதில் பாதி, அலுவலகங்களில் பேனலோடு ஒயர் இழுத்து மாட்டுகிற சென்சார். பேட்டரியும் கிடையாது, சத்தமும் கிடையாது, வீட்டில் மாட்டினால் அழகுப் பொருள். படுக்கையறைகளுக்கு வெளியே ஹால் கூரையில் ஒன்று, முடிந்தால் ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்று. சீலிங் ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்து மூன்றடி தள்ளி, இல்லாவிட்டால் ஃபேன் காற்று புகையைச் சென்சாரில் பட விடாது. அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி. சமையலறைக்குள் புகை அலாரம் வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் கத்தும், ஒரு வாரத்தில் யாராவது பேட்டரியை உருவிவிடுவார்கள். அங்கே வெப்ப அலாரம்தான் சரி. பூஜை அறைக்கு எதிரேயும் வேண்டாம், சாம்பிராணி போட்டால் அதே கதை. மாதம் ஒரு முறை பட்டனை அழுத்தவும், பத்து வருடத்தில் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கவும்.

அணைப்பான்: ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஏபிசி பவுடர் (மரம், துணி, எரிபொருள், காஸ் தீக்கு ஆகிற பவுடர்), அம்மாவும் தூக்குகிற மாதிரி 2 கிலோ. பத்து நொடியில் தீர்ந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள், தீ எரிகிற இடத்தைத் தாண்டிப் போய் எடுக்க முடியாது. சமையலறையிலிருந்து வாசலுக்கு வருகிற வழியில் மாட்டவும். பின்னை உருவி, ஆறடி தள்ளி, வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, சுடரின் அடியில் குறிவைத்து இடமும் வலமுமாக அடிக்க வேண்டும். தீ குப்பைக்கூடை அளவைத் தாண்டிவிட்டால் முயற்சியே வேண்டாம். முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள்.

அம்மா விஷயம். அவருடைய அறை வாசலுக்கு மிக அருகில் இருக்கிற அறையாக இருக்கட்டும், உள் அறையில் படுக்கிறார் என்றால் மாற்றுங்கள். வாக்கர், கண்ணாடி, டார்ச் மூன்றும் கட்டிலில் படுத்தபடியே எட்ட வேண்டும். புகையில் வாக்கரோடு நிமிர்ந்து நடக்க முடியாது. நல்ல காற்று தரையிலிருந்து ஒன்றிரண்டு அடிக்குள்தான். அதற்கு பவானி ஜமக்காளம் போல முரட்டுத் துணி ஒன்றைக் கட்டில் மெத்தைக்கு மேலேயே விரித்து வையுங்கள். தலைப்பக்கத்து இரண்டு முனையையும் முறுக்கிப் பிடித்து, அவரை அதோடு தரைக்கு இறக்கி, தலை முன்னால் வர இழுத்தால் மொசைக் தரையில் ஒரே ஆள் வாசல் வரை கொண்டுவந்துவிடலாம். படிக்கட்டுக்கு இரண்டு பேர் வேண்டும்: கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் உட்காரவைத்து, ஒருவர் முதுகுப் பக்கம், ஒருவர் முன்னங்கால் பக்கம். பிளாஸ்டிக் நாற்காலி படியில் மடங்கும், வேண்டாம். இரண்டாவது ஆள் எதிர்வீட்டிலிருந்து யார் என்று இப்போதே பேசிவையுங்கள்.

யார் யாரை எழுப்புவது என்று பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் பிள்ளைகள், ஒருவர் அம்மா. இறங்கியதும் எங்கே கூடுவது என்று ஒரே இடம், காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே எதிர்ப்பக்கம். எண்ணிக்கை சரியான பிறகு யாரும் போனுக்கோ நகைக்கோ உள்ளே திரும்பக் கூடாது. ஆள் குறைந்தாலும் திரும்பாதீர்கள், எந்த அறையில் இருப்பார் என்று தீயணைப்பு வீரரிடம் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இரவில், விளக்கை அணைத்துவிட்டு ஒத்திகை பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் எதில் தாமதம் என்று பார்த்து அதை மட்டும் சரிசெய்தால் போதும். பெரும்பாலும் செருப்பு தேடுவதில் போகும்.

---

சங்கச்செயலர் பதில்:

பொதுப் பகுதிக்கு என் பங்கு. மீட்டர் போர்டு முன்னால் மூன்றடிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து வண்டி நிறுத்தத் தடை போடுங்கள். ஒரு பைக்கின் பெட்ரோல் டேங்க் போதும், மூன்று மாடிக்கும் படிக்கட்டு அடைபட. அடுத்த மாடிக்கு ஒயர் ஏறுகிற துளைகளைச் சிமென்ட் வைத்து அடையுங்கள், தீயும் புகையும் அந்த வழியில்தான் ஏறும். மின் ஸ்கூட்டருக்குக் காம்பவுண்டு ஓரமாக, திறந்த வெளியில், தனி எம்சிபியும் ஆர்சிசிபியும் போட்ட பாயின்ட் கொடுத்தால் அவரே சந்தோஷமாக அங்கே போவார். தடை மட்டும் போட்டால் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயர் விடுவார், அது இன்னும் ஆபத்து. படியில் செருப்பு ஸ்டாண்டு, பழைய பேப்பர், உடைந்த சைக்கிள் எல்லாம் எடுக்கச் சொல்லுங்கள்.

வாடகை வீடாக இருந்தால் கிரில்லை வெட்ட ஓனரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "காலி செய்யும்போது கிரில் கதவு அப்படியே இருக்கும், செலவு என்னுடையது" என்று எழுதினால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

யாருக்காவது தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், மோதிரம் வளையலை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஆம்புலன்ஸ் 108.

தீயணைப்புக்கு 101 அல்லது 112. வெளியே வந்த பிறகு கூப்பிடுங்கள், மாட்டிக்கொண்டால் மட்டும் உள்ளிருந்து. தெருப் பெயர், பக்கத்தில் தெரிந்த கோயில் அல்லது பஸ் ஸ்டாப், எத்தனையாவது மாடி, உள்ளே யார் இருக்கிறார்கள், சிலிண்டர் எத்தனை: இதைச் சொல்லி, அவர்கள் வைக்கும் வரை போனை வைக்காதீர்கள். நிறையத் தெருக்களில் தீயணைப்பு வண்டி நிற்பது கேட்டுக்கு வெளியே நிறுத்திய காரால்தான். அந்தக் கார்க்காரர்களின் எண்கள் வாட்ச்மேனிடம் இருக்க வேண்டும், வண்டி வருவதற்குள் தெருமுனையில் ஒரு ஆள் நிற்க வேண்டும்.